மருந்துக்குக் கேட்காத நெஞ்செரிச்சல்

நோய் தணியாதபோது "மருந்துக்குக் கேட்கவில்லை" என்பது தமிழ் வழக்கு. மருத்துவ ஆய்வேடுகள் இதே நிலையை 'ரிஃப்ராக்டரி' என்ற சொல்லால் குறிக்கின்றன. முரண்டு பிடிப்பது, அடங்க மறுப்பது என்பது அச்சொல்லின் பழம்பொருள். இரு மொழிகளிலும் பழி நோயின் மேல்தான் விழுகிறது. மருந்து சரியாகச் சொல்லிக் கொடுக்கப்பட்டதா, நோயாளி சொன்னதை மருத்துவர் சரியாகக் கேட்டாரா என்ற கேள்விகளுக்கு இச்சொற்களில் இடமில்லை. இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறிவரும் நோயில், வழக்கமான மருந்துக்கு அடங்காதவர்களுக்காகப் புதிய மருந்துகளைப் பரிசோதிக்கும் முயற்சிகள் கடந்த இருபது ஆண்டுகளாகத் தொடர்ந்து சறுக்கி வருகின்றன. அந்தச் சறுக்கலில் ஒரு பங்கு மொழியினுடையது. அதை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடங்களுள் ஒன்று அந்தமான் நிக்கோபார் தீவுகள்.

வழக்கமான மருந்து என்பது ஒமிப்ரசோல், பான்டோபிரசோல், ரபிபிரசோல் முதலிய புரோட்டான் பம்ப் தடுப்பான்கள். இந்தியாவில் இவை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்கப்பட வேண்டியவை. கேட்டாலே கிடைக்கின்றன என்பதும் எல்லோரும் அறிந்ததே. இவற்றை உண்போரில் மூன்றில் ஒரு பங்கு வரை முழு நிவாரணம் பெறுவதில்லை என்பது மருத்துவ இலக்கியத்தில் நெடுநாளாக வழங்கும் மதிப்பீடு. அந்த மூன்றில் ஒரு பங்கினர் யார் என்பதுதான் சிக்கல். அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து, 2019இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஸ்டுவர்ட் ஸ்பெக்லர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தந்தது.

மாத்திரைக்கு அடங்கவில்லை என்று அனுப்பப்பட்ட 366 பேரிடமிருந்து அந்த ஆய்வு தொடங்கியது. முதல் வேலையாக ஒமிப்ரசோலை எப்படி உண்ண வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி, இரண்டு வாரம் நாளுக்கு இருவேளை கொடுத்தனர். 42 பேருக்கு அதிலேயே நோய் தணிந்துவிட்டது. 99 பேருக்கு எரிச்சல் உண்டு, அமிலம் ஏறிவருவதே அதற்குக் காரணம் என்பதற்குச் சான்றில்லை. இதனைச் செயல்சார் நெஞ்செரிச்சல் என்பர். 23 பேருக்கு உணவுக்குழாயின் வேறு நோய்கள். 54 பேர் பரிசோதனைகளை முடிக்கவில்லை. வேறு காரணங்களால் 70 பேர் விலக்கப்பட்டனர். உண்மையாகவே அமில ஏற்றத்தால் அவதியுற்று மருந்துக்கும் அடங்காதவர்கள் என்று உறுதியாகி ஆய்வுக்குள் நுழைந்தவர்கள் 78 பேர் மட்டுமே. அவர்களுள் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதத்தினரும், ஒமிப்ரசோலுடன் பேக்ளோஃபென் முதலிய மருந்துகள் பெற்றவர்களில் 28 சதவீதத்தினரும், ஒப்பீட்டுக் குழுவில் 12 சதவீதத்தினரும் தேறினர். இம்முடிவை அறுவைச் சிகிச்சையின் வெற்றியாகவே செய்திகள் கொண்டாடின. 366 எப்படி 78 ஆயிற்று என்பதில் இருக்கும் செய்தி அதைவிடப் பெரியது.

அந்த 42 பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். புரோட்டான் பம்ப் தடுப்பான் இரத்தத்தில் தங்கும் நேரம் ஒன்றிரண்டு மணி. அமிலம் சுரக்கும் பம்புகள் இயங்கிக்கொண்டிருக்கும்போது மட்டுமே அது அவற்றைப் பற்றிக்கொள்ளும். பம்புகளை இயங்கச் செய்வது உணவு. ஆகவே மாத்திரை உண்டு அரை மணி முதல் ஒரு மணிக்குள் உணவு வயிற்றுக்குள் போக வேண்டும். தமிழில் இது எப்படிச் சொல்லப்படுகிறது? "வெறும் வயிற்றில் சாப்பிடுங்கள்." இலக்கணப்படி பிழையில்லாத இந்த வாக்கியம் மாத்திரைக்கு முன்னிருந்த நிலையை மட்டுமே சொல்கிறது, பின்னால் நிகழ வேண்டியதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்கு மாத்திரையை விழுங்கி, ஒரு தம்ளர் தேநீரோடு மீன்பிடிக்கப் போய், பத்து மணிக்கு உண்பவர் மருத்துவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியவர்தான். "சாப்பாட்டுக்கு முன்" என்று மாற்றினாலும் தொல்லை தீராது. பலருக்குச் சாப்பாடு என்பது சோறு; காலையில் உண்ணும் இட்லி பலகாரம், தோசை டிபன். காலை மாத்திரை மதியச் சோற்றுக்கு முன்னால் போய்விடக்கூடும். இத்தகையவரை "மருந்துக்கு அடங்காதவர்" என்று பதிந்து புதிய மருந்தின் பரிசோதனைக்கு அனுப்பினால், அங்கே பரிசோதிக்கப்படுவது எது?

ஜப்பானில் 2014இல் ஒப்புதல் பெற்ற வோனோபிரசான் உணவு நேரத்தைச் சார்ந்ததன்று. பம்பு இயங்கினாலும் ஓய்ந்திருந்தாலும் தடுக்கும். இந்தியாவிலும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. டகேடா நிறுவனத்திடமிருந்து சன் பார்மா 2024இல் உரிமம் பெற்றது. அதன் வலிமையில் ஐயமில்லை. ஆயினும், பழைய மாத்திரையைத் தவறான நேரத்தில் உண்டவர்களோடு ஒப்பிட்டு அது வெற்றி பெற்றால், அந்த வெற்றியில் ஒரு பகுதி அரைகுறையாகச் சொல்லப்பட்ட ஓர் அறிவுரையின் மீது பெற்ற வெற்றி. எசோமெப்ரசோலுக்குப் பாதியளவே தணிந்தவர்களிடம் ஐரோப்பாவில் நடந்த இரண்டாம் கட்டப் பரிசோதனையில், வோனோபிரசான் பழைய மருந்தைவிடக் குறிப்பிடத்தக்க மேன்மை எதையும் காட்டவில்லை. விலையில் பல மடங்கு வேறுபாடுள்ள இரு மருந்துகளுக்கிடையே தேர்ந்தெடுக்க வேண்டிய ஏழை நோயாளிக்கு இது சிறிய செய்தியன்று.

தோற்றுப்போன மருந்துகளின் வரிசை நீளமானது. உணவுக்குழாயின் கீழ்வாய் தானாகத் திறந்துகொள்வதைத் தடுக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட லெசோகாபெரானை அஸ்ட்ராசெனகா கைவிட்டது. போலி மருந்தைவிட அது தந்த பயன் சிறிது. அர்பேக்ளோஃபென் பிளகார்பிலும் 2011இல் அதே வழியில் போயிற்று. பித்தநீரைப் பிணைத்துக்கொள்ளும் ஐடபிள்யூ-3718 என்ற மருந்து, மாத்திரைக்கு அடங்காத நோய்க்கென்றே அயர்ன்வுட் நிறுவனம் உருவாக்கியது. இரண்டாம் கட்டத்தில் நம்பிக்கை தந்தது. மூன்றாம் கட்டத்தில் எதிர்பார்த்த பயன் தெரியாமல் 2020இல் நின்றுபோனது. இம்மருந்துகள் உண்மையிலேயே பயனற்றவையாக இருக்கலாம். பயன் பெறக்கூடிய சிலர், பயன் பெறவே முடியாத பலரோடு ஒரே குழுவில் கலந்துவிட்டதால் பயன் கரைந்து போயிருக்கவும் கூடும். அந்தக் கலப்பு நிகழும் முதல் வாசல் நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வி. அமிலத்தின் அளவை வைத்து அல்ல, நோயாளி தினமும் எழுதும் குறிப்பை வைத்தே இம்மருந்துகள் பெரிதும் மதிப்பிடப்படுகின்றன. உணவுக்குழாயில் புண்ணில்லாத நெஞ்செரிச்சலுக்கு வோனோபிரசான் அமெரிக்காவில் 2024இல் ஒப்புதல் பெற்றதன் அடிப்படை, 'நெஞ்செரிச்சல் இல்லாத நாள்கள்' என்ற ஒரே கணக்கு: போலி மருந்துக்கு 27.7 சதவீதம், 10 மில்லிகிராமுக்கு 44.8 சதவீதம். எத்தனையோ கோடி ரூபாய் முதலீடு இறுதியில் ஒரு சொல்லின் பொருளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சொல் ஆங்கிலேயருக்கே விளங்காத சொல் என்பது வேடிக்கை. இதே ஸ்பெக்லர் 2002இல் பாஸ்டன் நோயாளிகளிடம் 'ஹார்ட்பர்ன்' என்றால் என்ன என்று கேட்டு வெளியிட்டார். வெள்ளையரில் மூன்றில் ஒருவருக்குச் சற்றே மேற்பட்டோரும், கிழக்காசியரில் ஏறத்தாழ 13 சதவீதத்தினருமே மருத்துவர் கருதும் பொருளில் அதைப் புரிந்துவைத்திருந்தனர். அதற்கு முன்பே, 1998இல், கார்ல்சன் முதலிய ஸ்வீடன் ஆய்வாளர்கள் இச்சொல்லைக் கைவிட்டு, வயிற்றிலிருந்தோ கீழ்நெஞ்சிலிருந்தோ கழுத்தை நோக்கி ஏறும் எரிவு என்று விவரித்துக் கேட்கும் வினாநிரலை உருவாக்கியிருந்தனர். நோயின் பெயரைக் கேட்காமல் உணர்வைக் கேட்பது என்ற அந்த எளிய நெறி இந்திய மொழிகளின் படிவங்களில் இன்னும் முழுமையாக வேர்பிடிக்கவில்லை.

இப்போது தீவுகளுக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபாரின் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழியாக வங்காளம் ஏறத்தாழ 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. அதன்பின் நிக்கோபாரி, மலையாளம், ராஞ்சியிலிருந்து வந்தவர்களின் குடுக் முதலிய மொழிகள். எந்த மொழிக்கும் பெரும்பான்மை இல்லை. அந்தமான் இந்தி என்று வழங்கும் ஒரு பொதுப்பேச்சு எல்லோரையும் இணைக்கிறது. தலைநகரில் (போர்ட் பிளேயர் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) 2015இல் மருத்துவக் கல்லூரி தொடங்கியது. கோவிந்த் வல்லப பந்த் மருத்துவமனை அதனோடு இணைந்தது. அங்கே ஒரு வங்காளி "அம்பல்" என்பார், "புக் ஜாலா" என்பார். தெலுங்கர் "குண்டெ மண்ட" என்பார். மலையாளி "புளிச்சுதிகட்டல்" என்பார். அம்பலில் புளிப்பு முதன்மை, புக் ஜாலாவில் எரிவு முதன்மை, குண்டெ மண்டவில் இதயமே எரிகிறது, புளிச்சுதிகட்டலில் எரிவே இல்லை, மேலே வருவதுதான் உண்டு. பொதுப்பேச்சான இந்தியில் மருத்துவரிடம் வரும்போது இவை நான்கும் பெரும்பாலும் ஒரே சொல்லாகின்றன: "கேஸ்".

தமிழரும் விலக்கல்லர். சித்த மருத்துவம் குன்மத்தை எட்டாக வகுத்தது. எரிகுன்மம் வேறு, வாயுகுன்மம் வேறு, சத்திகுன்மம் வேறு. பேச்சுவழக்கிலும் ஏப்பம், புளியேப்பம், எதுக்களிப்பு, குமட்டல், ஓங்கரிப்பு, வாந்தி என்று மேல்நோக்கி வரும் ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இருந்தது. இன்றும் முதியோரிடம் இருக்கிறது. நெஞ்செரிச்சல் வேறு, நெஞ்சுக்கரிப்பு வேறு. இந்த நுட்பம் ஆய்வாளருக்குப் பொன்னானது. முயற்சியின்றி உணவு வாய்க்குத் திரும்பும் அசைபோடல் கோளாறு, மருந்துக்கு அடங்காத அமில ஏற்றமாகத் தவறாகக் கருதப்படுவது மருத்துவர் அறிந்த பிழை. "எதுக்களிப்பா, வாந்தியா, வந்தது புளித்ததா, உண்ட சுவையே இருந்ததா" என்று ஒரு கிழவியிடம் தமிழில் கேட்டால் பாதி நோயறிதல் முடிந்துவிடும். படிவங்களோ இவற்றைத் தொகுத்து "அஜீரணம்" என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அடைத்து விடுகின்றன.

வேறு பொறிகளும் உண்டு. தமிழில் "வயிற்றெரிச்சல்" என்றால் பொறாமை, அல்லது ஆற்றாமை; "எரிச்சலாக இருக்கிறது" என்றால் சினம். 'நெஞ்சு' என்பது மார்பு, இதயம், மனம் மூன்றும். ஜெர்டுக்யூ என்ற, உலகெங்கும் பயன்படும் ஆறு கேள்வி வினாநிரல் மார்பெலும்புக்குப் பின்னால் எரிகிறதா என்று தொடங்குகிறது. அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கேட்டால் நோயாளியின் கை முதுகுப் பக்கம் போனாலும் வியப்பில்லை. இலங்கைத் தமிழில் 'நெஞ்செரிவு' என்ற வடிவமும் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் 1970களில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன என்பதை நினைத்தால், 'தமிழ்ப் படிவம்' என்று ஒன்றை மட்டும் அச்சிட்டுப் போதுமென்று இருப்பது எவ்வளவு மேம்போக்கானது என்பது விளங்கும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு முறை இருக்கிறதே என்பர். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர் பெயர்க்க, அதைப் பாராத வேறொருவர் திரும்பவும் ஆங்கிலமாக்க, இரண்டும் ஒத்துப்போனால் படிவம் தேறியது. இம்முறையின் குறை வெளிப்படையானது. 'ஹார்ட்பர்ன்' நெஞ்செரிச்சலாகும், நெஞ்செரிச்சல் மீண்டும் 'ஹார்ட்பர்ன்' ஆகும். சோதனை முழு மதிப்பெண் பெறும். இரு மொழியும் கற்ற இருவர் ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு மேல் அது எதையும் நிறுவுவதில்லை. கச்சாலில் ரப்பர்ப் பால் எடுத்தவரின் மகள் அச்சொல்லால் எதைக் குறிக்கிறார் என்பது அந்தச் சோதனையின் பார்வைக்கே வருவதில்லை. நோயாளியிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, "இதை நீங்கள் எப்படி விளங்கிக்கொண்டீர்கள், உங்கள் சொல்லில் சொல்லுங்கள்" என்று கேட்கும் முறை தனியே இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டலும் அதை எதிர்பார்க்கிறது. காலமும் பயணமும் வேண்டுவதால் முதலில் வெட்டப்படும் செலவும் அதுவாகவே இருக்கும்.

அந்தமானையும் மொழியையும் ஒருசேரப் பேசும்போது பெரிய அந்தமானியம் நினைவுக்கு வராமல் போகாது. அன்விதா அப்பி எழுதிய இலக்கணம் காட்டுவதுபோல, அம்மொழி உடலை ஏழு பிரிவுகளாக வகுத்து, அவற்றின் குறியீடுகளைப் பெயரிலும் வினையிலும் அடையிலும் கொண்டு இயங்குகிறது. வாய்க்கு ஒரு குறி, உள்ளுறுப்புகளுக்கு வேறொரு குறி. வலியை எங்கே வைப்பது என்பதை அங்கே இலக்கணமே கேட்டிருக்கும். அதன் கிளைமொழியான போவின் கடைசிப் பேச்சாளர் போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். இதனால் பழங்குடியினரை மருந்துப் பரிசோதனைக்குள் இழுக்க வேண்டும் என்று பொருளில்லை. அவர்கள் சட்டத்தால் காக்கப்பட வேண்டியவர்கள். அது அப்படியே இருக்கட்டும். உடலைக் குறிக்கும் சொற்கள் எல்லா மொழியிலும் ஒரே வரைபடத்தின் மேல் ஒட்டிய பெயர்ச்சீட்டுகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று கிடைப்பது அரிது என்பதற்காகவே இங்கு சொல்லப்பட்டது.

எதிர்வாதம் ஒன்றை மதித்தாக வேண்டும். மூக்கு வழியே நுண்குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலத்தை அளக்கும் சோதனை இருக்கிறது. அமிலம் படும் நேரம் 6 சதவீதத்தைத் தாண்டினால் நோய் உறுதி, 4 சதவீதத்துக்குக் குறைந்தால் இயல்பு என்று லியோன் உடன்பாடு வரையறுத்திருக்கிறது. அளவி இருக்கும்போது சொல்லைப் பற்றி ஏன் கவலை? இதில் பாதி உண்மை. யாருக்கு அமில ஏற்றம் உண்டு என்பதை அளவி சொல்லும். யாருக்கு அளவி வைக்க வேண்டும் என்பதையும், மருந்துக்குப் பின் அவர் தேறினாரா என்பதையும் சொல் ஒன்றே சொல்லும். அமிலம் முழுதும் அடங்கியும் எரிவு நிற்காதவர் உண்டு. புண் இருந்தும் எரிவே அறியாதவர் உண்டு. தவிரவும் இச்சோதனை பெருநகர மருத்துவமனைகளின் வசதி. தீவு நோயாளிக்கு அது சென்னைக்குக் கப்பலில் இரண்டரை மூன்று நாள் பயணம், அல்லது விமானச் செலவு. பிழையான ஒரு சொல்லை நம்பி அவரை அனுப்புவதும், பிழையான ஒரு சொல்லை நம்பி அனுப்பாமல் விடுவதும் ஒரே அளவுக்குக் கொடுமை. மாரடைப்பும் "கேஸ்" என்ற பெயரிலேயே வருகிறது என்பதை இங்கே மறக்கலாகாது. வெளித்தீவுகளில் கப்பலோ ஹெலிகாப்டரோ வரக் காத்திருக்கும் நேரத்தில் இந்தப் பெயர்க்குழப்பம் உயிரையே விலையாகக் கேட்கும்.

தீவுகளில் பரிசோதனை நடத்துவது இயலாத செயலன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் 1983 முதல் போர்ட் பிளேயரில் இயங்குகிறது. நங்கவுரித் தீவுகளில் யானைக்கால் நோயை ஒழிக்க மருந்து கலந்த உப்பை வீடுவீடாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த முயற்சி அந்த மையத்தினுடையது. பெருநிலத்தில் நடக்கும் பெரிய பரிசோதனைகளின் கிளையாக ஒரு சிறு தளம் இங்கே அமையலாம். எண்ணிக்கை சிறிதாக இருக்கும் என்பதும், ஒரு தீவின் நூறு நோயாளிகளால் எந்த மருந்தின் விதியும் மாறாது என்பதும் உண்மையே. ஆனால் வங்காளமும் தமிழும் தெலுங்கும் நிக்கோபாரியும் ஒரே வெளிநோயாளர் பிரிவின் ஒரே வரிசையில் நிற்கும் இடம் இந்தியாவில் எளிதில் கிடைக்காது. மருந்தைப் பரிசோதிக்கும் முன் கேள்வியைப் பரிசோதிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் எது?

வேலையும் பெரிதன்று. ஒவ்வொரு மொழியிலும் இருபது முப்பது நோயாளிகளிடம், அவர்கள் வாயால் வரும் சொற்களையே முதலில் திரட்ட வேண்டும். ஆங்கிலப் படிவத்தை அதன் பின்னரே எடுக்க வேண்டும். உடலின் படம் ஒன்றை வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். மாத்திரை உண்ணும் முறையை விளக்கியபின் "நாளைக்கு எத்தனை மணிக்கு எழுவீர்கள், எப்போது மாத்திரை, அதன்பின் எப்போது, என்ன உண்பீர்கள்" என்று அவரையே சொல்லச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து மீண்டும் கேட்க வேண்டும். அதன் பிறகும் தணியாதவரையே புதிய மருந்துக்கு உரியவராகக் கொள்ளலாம். படிவத்தின் முதற் கேள்வி தமிழில் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "போன ஏழு நாளில், மேல்வயிற்றிலோ நடுநெஞ்சிலோ தொடங்கித் தொண்டைப் பக்கம் எரிவு ஏறியதுண்டா? எங்கே தொடங்கி எங்கே வரை என்று விரலால் காட்டுங்கள். உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர்?" அந்தக் கடைசி வினாவின் விடையை நோயாளி சொன்னபடியே, அவர் மொழியிலேயே எழுதிக்கொள்ளப் படிவத்தில் இரண்டு வரி வெற்றிடம் விட வேண்டும்.